ஒரே மட்டம்

பதினெட்டுக் காகிதக் கோப்பைகளுக்கும் முடி வளர்ந்துவிட்டது. வெட்டுவதற்கு ஆள்தான் இன்னும் வந்து சேரவில்லை.

டீச்சர் நான்காவது முறையாக ஜன்னல் வழியே வாசல் கேட்டைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. வகுப்பறை நடுவில் இருந்த நீளமான குட்டை மேஜை மேல் கோப்பைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் கண், மூக்கு, பல் தெரியச் சிரிக்கும் வாய். எல்லாம் நாலு வயதுக் கைகள் வரைந்தவை. உள்ளே மண்ணும் விதையும் போட்டுப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. ஒவ்வொரு மண்டையிலும் பச்சைப் பசேலென்று புல் எழும்பி நின்றது. சிலவற்றுக்குச் சீப்பு படாத கோலம். ஒரே ஒரு கோப்பைக்கு மட்டும் நடு மண்டையில் வழுக்கை. அதை வளர்த்தவன், "இது எங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டதால் அந்த விவகாரம் சுமுகமாக முடிந்திருந்தது.

"வருவாரா, மாட்டாரா?" கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்ற பிரின்சிபால் கேட்டார்.

"கண்டிப்பா வருவார் மேடம். சீட்டுல எழுதி அனுப்பியிருக்கேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உங்க சாமான்களோட வாங்க, உங்க வேலையைப் பிள்ளைங்களுக்குச் செஞ்சு காட்டுங்கன்னு."

"வகுப்புக்குள்ள முடி வெட்டறவரைக் கூப்பிடறது எனக்குத் தெரிஞ்சு இதுதான் முதல்..."

"முதல் தடவை மேடம். அதான் விசேஷமே!"

டீச்சரிடம் இருந்த ஒரே குறை இது. எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடிக்கும்வரை அவளால் காத்திருக்க முடியாது. ஏழு வருடம் சின்னப் பிள்ளைகளோடு இருந்ததில் வந்த பழக்கம். "மிஸ், எனக்கு..." என்று ஒரு பிள்ளை ஆரம்பித்தால், அது தண்ணீரா, கழிப்பறையா, வாந்தியா என்பதை அது சொல்லி முடிப்பதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். தாமதித்தால் விளைவு தரையில்.

பிரின்சிபாலுக்கு இந்தக் 'கையால் செய்து கற்கும்' சமாசாரமே பிடிக்காது. களிமண் வாரத்தில் தொட்டிக் குழாய் அடைத்துக்கொண்டது. வண்ண வாரத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைப் பூனை ஊதாப் பூனையாகத் திரும்பிப் போனது. அந்த வீட்டுக்காரர் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதை எந்தத் தண்ணியில நனைக்கட்டும், நீங்களே சொல்லுங்க" என்று அரை மணி நேரம் ஆபீஸில் உட்கார்ந்திருந்தார்.

"இதுதான் கடைசி வெள்ளிக்கிழமை" என்றார் பிரின்சிபால். "இன்னிக்கும் ஏதாவது ஆச்சு, திங்கட்கிழமையிலேர்ந்து எல்லாருக்கும் நோட்டு, பென்சில், நேர்க்கோடு. அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்கு போட்டோகிராபர் வர்றார், ஞாபகம் இருக்கட்டும்."

அப்போதுதான் கேட் கிரீச்சிட்டது.

வந்தவர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, தோளில் ஒரு கான்வாஸ் பை. அவரைக் கண்டதும் வகுப்பின் மூலையில் உட்கார்ந்திருந்த அவர் மகள் எழுந்து நின்றாள். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம், ரொம்ப உற்சாகமாக இருந்தால் இரண்டு, அதற்கு மேல் பேசாதவள். அதனால் வகுப்பில் அவளுக்கு முயல் என்று பெயர். போன வாரம் எல்லாப் பிள்ளைகளிடமும் அப்பா அம்மா வேலையைப் பற்றிக் கேட்டபோது, "எங்கப்பாவுக்குக் கட்டிங் வேலை" என்று சொன்னது அவள்தான். அன்றைய கணக்கு அதோடு முடிந்துவிட்டது.

"வாங்க சார், வாங்க! உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்!"

"மன்னிச்சுக்குங்க மேடம். பெரிய கத்தரியையும் எடுத்துக்கிட்டு வரணுமான்னு..."

"பெரிசு வேண்டாம் சார். சின்னப் பிள்ளைங்க இருக்கற இடம். சின்னதே போதும்."

"சரிங்க. அப்ப வேலை எந்தப் பக்கம்..."

"இங்கேயேதான், உள்ளேயேதான்! எங்கேயும் போக வேண்டாம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேஜை மேல் இருந்த கோப்பைகளைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்துவிட்டது. மேஜைக்குச் சமமாக முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கோப்பையாகக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இதெல்லாம் யாரு வளர்த்தது?"

"நாங்க!" என்று கூரை அதிர்ந்தது.

"அருமையா வளர்த்திருக்கீங்க. இது மட்டும் ஒரு பக்கமாச் சாயுது பாருங்க. ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துப் போகுது. தினம் ஒரு தடவை திருப்பி வச்சா நேரா நிக்கும்."

டீச்சர் இதை உடனே தன் குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டாள். முடி வெட்டுகிறவருக்கு இவ்வளவு விஷயம் தெரியும் என்று அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த அரை மணி நேரம் அந்த வகுப்பு வரலாறு காணாத ஒழுங்கில் நடந்தது. எல்லோர் கையிலும் மொட்டை நுனி பிளாஸ்டிக் கத்தரி. விருந்தினர் ஒவ்வொரு கையாகப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்.

"கத்தரி தூங்கற மாதிரிப் படுக்கணும். ம், மட்டமா. இப்ப நுனியை மட்டும்."

"ஏன் நுனியை மட்டும்?" என்றான் ஒருவன். அவனுக்குப் பெயரே ஏன்.

"அடி வரைக்கும் வெட்டினா அதுக்குக் கோபம் வந்துடும். நுனியை மட்டும் எடுத்தா சந்தோஷத்துல இன்னும் அடர்த்தியா வரும்."

"ஏன் சந்தோஷம் வரும்?"

"பாரம் குறையுதுல்ல."

ஏன் என்ற அந்தப் பையன் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பதிலில் திருப்தியடைந்து வாயை மூடினான். பதினெட்டுக் கோப்பைகளும் அளவெடுத்துச் செதுக்கியது போல் நின்றன. பெரியப்பாவுக்குக்கூட வழுக்கையைச் சுற்றி மரியாதையான ஒரு வட்டம் அமைந்தது.

கதவருகே நின்ற பிரின்சிபால், "பரவாயில்லையே" என்றார். அந்தக் கல்வியாண்டில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுவே முதல் முறை. "எல்லாரும் கை கழுவி, தலைவாரி, வரிசையா நிக்கணும். நான் ஆபீஸ்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாதிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு டீச்சர் கை கழுவும் தொட்டிக்குப் போனாள். மிச்சப் பாதி உள்ளே இருந்தது. நான்கு நிமிடம்தான். அவள் திரும்பி வந்தபோது கண்ணாடி போட்ட பையன் குட்டி நாற்காலியில் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தான். பின்னால் ரெட்டைச் சடைப் பெண். அவள் கையில் டீச்சரின் மேஜையில் இருந்த நிஜக் கத்தரி.

"மிஸ், நான் நுனியை மட்டும்தான் வெட்டினேன்" என்றாள் ரெட்டைச் சடை.

கண்ணாடிப் பையனின் முன்முடியில், நெற்றிக்கு நட்டநடுவில், ஒரு ஜன்னல் திறந்திருந்தது.

"மிஸ், எனக்குக் காத்து வருது" என்றான் அவன் சந்தோஷமாக.

டீச்சருக்கு வியர்த்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தாள். போட்டோவுக்கு இன்னும் ஐம்பது நிமிடம். விருந்தினர் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சார்! இதைக் கொஞ்சம் சரி பண்ணிடுங்க."

அவர் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் ஓரடி பின்னால் போனார். "மேடம், தலையில நான்..."

"தலையிலதான் சார் பிரச்சினையே!"

"அதில்ல மேடம், எனக்குப் பழக்கம்..."

"சின்னப் பிள்ளைங்களுக்கு வெட்டிப் பழக்கம் இல்லையா? ரொம்ப நல்ல பையன் சார், அசையவே மாட்டான்." டீச்சர் ஆபீஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "இன்னிக்கு ஏதாவது ஆச்சுன்னா, திங்கட்கிழமையிலேர்ந்து இவங்க கைக்கு மண்ணும் வராது, புல்லும் வராது. மூணு மணி நேரமும் கோடு போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க சார். உங்க பொண்ணும்தான்."

விருந்தினர் மேஜை மேல் இருந்த கோப்பைகளைப் பார்த்தார். கண்ணாடிப் பையனைப் பார்த்தார். கடைசியாக முயலைப் பார்த்தார். முயல் அவரைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முயற்சி பண்றேன் மேடம்" என்றார்.

சீப்பு கேட்கவில்லை. நாலடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இடப்பக்கம் போய்ப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை ஒரே இழுப்பாக வெட்டிக்கொண்டு போனார்.

கோடு போட்டது போல் நேராக இருந்தது. என்ன, இருக்க வேண்டிய இடத்துக்கு மூன்று விரற்கடை மேலே இருந்தது. அவனுக்கு நெற்றி இவ்வளவு பெரியது என்று பெற்றவளுக்கே தெரிந்திருக்காது.

"மட்டம் சரியா இருக்கு மேடம்" என்றார் விருந்தினர் கவலையோடு. "உயரம்தான் கொஞ்சம்..."

"வளர்ந்துடும் சார், வளர்ந்துடும்" என்றாள் டீச்சர். ஆனால் ஐம்பது நிமிடத்தில் வளராது. நெற்றியை மறைக்க வேண்டும். எதை வைத்து மறைப்பது?

"கிரீடம்!" என்று கத்தினாள். "பிள்ளைங்களா, எல்லாரும் ராஜா ராணி! தங்கக் காகிதம் எடுங்க, பசை எடுங்க, அவங்கவங்க கிரீடத்தை அவங்கவங்களே செய்யணும்!"

யோசனை நல்ல யோசனைதான். பத்தே நிமிடத்தில் வகுப்பு முழுக்க ராஜ்யம் பரவிவிட்டது. கண்ணாடிப் பையனின் நெற்றி தங்கத்துக்குள் மறைந்தது. டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துப் பாதி குடித்திருப்பாள்.

"மிஸ், ஏன் என் கிரீடம் கழல மாட்டேங்குது?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். கிரீடத்தின் உள்பக்கம் முழுக்கப் பசை.

"உள்ளே ஏன்டா பசை தடவினே?"

"கீழ விழாம இருக்கறதுக்கு."

மறுத்துச் சொல்ல முடியாத நியாயம். அதே நியாயம் இன்னும் ஆறு பேருக்கும் தோன்றியிருந்தது. மொத்தம் ஏழு பேர் கழற்ற முடியாத அரச பதவியில் இருந்தார்கள்.

வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து நனைத்துப் பார்த்தாள். கிரீடம் கரைந்து போயிற்று, தங்கம் தலையிலேயே தங்கிவிட்டது. முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டு பிரஷ் போல் நின்றது. கூட்டிப் பெருக்கும் ஆயாம்மா வந்து ஒரு தலையைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தரையில ஒட்டினாலே இந்தப் பசையை நான் கத்தியாலதான் சுரண்டுவேன். தலையில போய்ச் சுரண்ட முடியுமா?"

மணி பதினொன்றரை. டீச்சர் மெல்லத் திரும்பி விருந்தினரைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே பையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொருத்தரா வெட்டினா நேரம் பத்தாது மேடம். வரிசையா நிக்க வச்சுட்டா..."

டீச்சர் வாயைத் திறந்தாள். அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று அவளுக்கே தெரியவில்லை.

"கயிறு மாதிரி ஏதாவது கிடைக்குமா?" என்றார் அவர்.

சிவப்பு நூல்கண்டு ஒன்று கிடைத்தது. அதன் ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டி, மறு நுனியை முயலிடம் கொடுத்தார். முயல் சொல்லித்தராமலே ஒரு காலை முன்னால் ஊன்றி, நூலை விண்ணென்று இழுத்துப் பிடித்தாள். பிள்ளைகள் தோளோடு தோள் உரச அந்த நூலை ஒட்டி நின்றார்கள்.

"தலையெல்லாம் ஒரே உயரத்துக்கு வரணும் மேடம்."

குட்டையான பிள்ளைகளின் காலடியில் விளையாட்டு மரக்கட்டைகளை அடுக்கினார்கள். அந்த நெருக்கடியிலும் டீச்சரால் சும்மா இருக்க முடியவில்லை. "இவனுக்கு ரெண்டு கட்டை. அப்ப இவளுக்கு எத்தனை? எண்ணிச் சொல்லுங்க பார்ப்போம்!"

"மூணு!"

பசை ஒட்டாத பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் கட்டை வேணும்!" என்று வரிசையில் புகுந்தார்கள். டீச்சர் வேகமாக யோசித்தாள். கண்ணாடிப் பையனோடு சேர்த்து எட்டுப் பேர் ஒரு மாதிரி, ஒன்பது பேர் வேறு மாதிரி நின்றால் போட்டோவில் ஏதோ வியாதி பரவியது போல் இருக்கும். எல்லோரும் ஒரே மாதிரி இருந்துவிட்டால் சீருடை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"எல்லாருக்கும் வெட்டிடுங்க சார். சடைகளை மட்டும் விட்டுடுங்க. முன்பக்கம் மட்டும் போதும்."

அவர் நூலோடு நடந்தார். சரக் சரக்கென்று போனார். திரும்பி வரும்போது பையன்களின் காதோரத்தை ஒரு பார்வை பார்த்து வட்டமாக வெட்டிக்கொண்டே வந்தார். பதினேழு தலைகளும் பதினைந்து நிமிடத்தில் முடிந்தன. விழுந்த முடியைத் தானே கூட்டி ஓர் ஓரமாகக் குவித்தும் வைத்தார். ஆயாம்மா, "இப்படி ஒரு ஆம்பளையை நான் பார்த்ததே இல்ல" என்று டீச்சர் காதில் சொன்னார்.

"ஏன் முயலுக்கு மட்டும் வெட்டலை?" என்றான் ஏன்.

"கயிறு பிடிக்கறவங்களுக்கு லீவு" என்றார் அவர்.

போட்டோகிராபர் வந்து, கேமராவுக்குள் பார்த்துவிட்டுத் தலையை வெளியே எடுத்தார். மறுபடி உள்ளே பார்த்தார். "எல்லாரும் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சியா?" என்றார். நாலு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் பிரின்சிபால் வந்தார்.

வரிசையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை நடந்தார். திரும்பி வந்தார். மேஜையைப் பார்த்தார்.

"கோப்பையில இருக்கற தலையும், இங்க நிக்கற தலையும் எனக்கு வித்தியாசம் தெரியலையே" என்றார். குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. அவர் கத்தினால்கூடப் பரவாயில்லை, இந்த அமைதிதான் ஆபத்து என்பது டீச்சருக்குத் தெரியும்.

"மேடம், என்ன ஆச்சுன்னா..."

"எனக்குச் சொல்ல வேண்டாம். இன்னும் அரை மணியில அம்மாக்கள் வருவாங்க. அவங்ககிட்ட நீயே சொல்லு. பென்சில் வாங்கி வைக்கச் சொல்லி நான் ஆர்டர் போடறேன்."

டீச்சர் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள். முட்டி இரண்டும் முகவாய் வரை வந்தன. "உங்களையும் மாட்டிவிட்டுட்டேன் சார். நீங்க வேணா கிளம்புங்க."

"இருக்கேன் மேடம்" என்றார் விருந்தினர். "வெட்டினது நான். விட்டுட்டு எப்படிப் போறது?"

பன்னிரண்டரைக்குக் கேட் திறந்தது. முதலில் நுழைந்த அம்மா போனில் பேசிக்கொண்டே வந்து, வரிசையிலிருந்து ஒரு பையனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கேட் வரை போய்விட்டார்.

"ஆன்ட்டி, நான் உங்க பையன் இல்ல" என்றான் அவன்.

அவர் குனிந்து பார்த்தார். போன் கையிலிருந்து நழுவியது. "ஐயோ, என் பிள்ளை எங்கே? எது என் பிள்ளை?"

"அம்மா, நான் இங்க இருக்கேன்!" என்று மூன்று நெற்றிகள் தள்ளி ஒரு குரல் வந்தது.

இதற்குள் மற்ற அம்மாக்களும் வந்துவிட்டார்கள். ஆளாளுக்கு முகவாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்துத் தங்கள் தங்கள் பிள்ளையைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே சமயத்தில் டீச்சர் பக்கம் திரும்பினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு 'ஏன்' பையனின் அம்மா முன்னால் வந்தார். வக்கீல். மாதத்துக்கு மூன்று புகார்க் கடிதம் எழுதுகிறவர். ஊதாப் பூனையைப் பற்றிக்கூட எழுதியிருந்தார், பூனை அவருடையது இல்லை என்றாலும்.

மகன் முன்னால் முட்டி போட்டு, நெற்றியோரம் விரலை வைத்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை ஓட்டினார்.

"யார் வெட்டினது?"

டீச்சர் எழுந்தாள். "நான்தான் வெட்டச் சொன்னேன் மேடம். தப்பு முழுக்க என்னுது. இவரை ஒண்ணும்..."

"அழுதானா?"

"இல்ல மேடம்."

"கடிச்சானா?"

"இல்லையே. கட்டை மேல ஏறி நின்னான், ஆடாம அசையாம."

வக்கீல் எழுந்தார். கண் கலங்கியிருந்தது. "பிறந்ததிலேர்ந்து இவன் முடி வெட்ட விட்டதே இல்ல டீச்சர். அப்பா காலைப் பிடிக்கணும், மாமா கையைப் பிடிக்கணும், நான் தலையைப் பிடிக்கணும். போன தடவை கடைக்காரர் விரலைக் கடிச்சு, இனிமே இந்தப் பக்கம் வராதீங்கன்னு சொல்லிட்டாங்க. தூங்கும்போது நானே வெட்டுவேன், ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். இவ்வளவு மட்டமா எந்தக் கடையிலயும் நான் பார்த்ததில்லை!"

அவ்வளவுதான். மற்ற அம்மாக்களும் இப்போது புதுக் கண்ணோடு பார்த்தார்கள். "ஆமா, மட்டமாத்தான் இருக்கு." "முகமே பளிச்சுன்னு தெரியுது." "எங்க வீட்டுப் பெரியவனுக்கும் இப்படியே வெட்டணும்." கண்ணாடிப் பையனின் அம்மா, "எங்க குடும்பத்துல எல்லாருக்குமே விசாலமான நெத்தி" என்று பெருமையாகச் சொன்னார்.

ஆபீஸ் வாசலில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்த பிரின்சிபால் மெல்ல முன்னால் வந்தார்.

"செயல்வழிக் கல்விங்கறது இதுதான்" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "தொடக்கத்திலேர்ந்தே நான் ரொம்ப ஆதரவு. அடுத்த மாசமும் சாரையே கூப்பிடலாம்னு இருக்கோம்."

டீச்சருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. திங்கட்கிழமை பென்சில் இல்லை. மண் உண்டு, தண்ணீர் உண்டு, பசையும்கூட உண்டு, உள்பக்கம் தடவாமல்.

அம்மாக்கள் விருந்தினரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சார், உங்க கடை எங்க இருக்கு?"

"ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா?"

"பெரியவங்களுக்கும் வெட்டுவீங்களா? எங்க வீட்டுக்காரரை அனுப்பட்டுமா?"

விருந்தினரின் காது இரண்டும் சிவந்துவிட்டன. தொண்டையைக் கனைத்தார். "அது வந்துங்க, கடைன்னு பார்த்தா..." என்று இழுத்தார்.

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத முயல், வரிசையாக நின்ற பதினேழு தலைகளையும் ஒரு முறை பார்த்துவிட்டு, அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, பார்க்குல வேலிச்செடி வெட்டி முடிச்சதும் குழாயை வச்சுத் தண்ணி அடிப்பீங்களே, இவங்களுக்கு எப்ப அடிக்கறது?"